கண் சொட்டு மருந்தில் உள்ள பிரிசர்வேட்டிவ்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கண் சொட்டு மருந்துப் புட்டியின் லேபிளில், மருந்தின் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் பெரும்பாலும் ‘பென்சல்கோனியம் குளோரைடு 0.01%’ என்று ஒரு வரி இருக்கும். திறந்த புட்டியில் கிருமி வளராமல் தடுக்கும் பிரிசர்வேட்டிவ் அது. நோயைக் குணப்படுத்தாது. ஆனால் அதற்காக அதை வெறும் கலவைப் பொருள் என்று ஒதுக்கிவிடாதீர்கள். கிருமியின் மேலுறையைச் சிதைக்கும் அதே குணத்தால், கண்ணீரின் மேலிருக்கும் மெல்லிய எண்ணெய்ப் படலத்தையும் அது கலைக்கிறது.

தூசி உறுத்தலுக்காக நாலு நாள் போடுபவருக்கு இது பெரிய விஷயமில்லை. கண் அழுத்த நோய்க்காக வருடக்கணக்கில், சில சமயம் இரண்டு மூன்று மருந்துகளைச் சேர்த்துப் போடுபவர்களுக்குத்தான் சிக்கல். கண் உறுத்தும், எரியும், சிவக்கும். ‘மருந்தே ஒத்துக்கொள்ளவில்லை’ என்று அவர்களாகவே நிறுத்திவிடுகிறார்கள். இங்கே நடக்கும் தவறுகளிலேயே மோசமானது இதுதான். அந்த நோயில் போன பார்வை திரும்பாது. எரிச்சல் இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். பல மருந்துகள் பிரிசர்வேட்டிவ் இல்லாமலும் கிடைக்கின்றன.

மென்மையான கான்டாக்ட் லென்ஸ் இந்தப் பொருளை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். லென்ஸைக் கழற்றிவிட்டு மருந்து போட்டு, குறைந்தது 15 நிமிடம் கழித்து மாட்டுங்கள்.

அடுத்து, பிரிசர்வேட்டிவ் இருக்கிறதே என்று அதை அளவுக்கு மீறி நம்புவது. அட்டையில் உள்ள காலாவதித் தேதி, திறக்காத புட்டிக்கு. திறந்த பிறகு பெரும்பாலானவற்றுக்கு ஒரு மாதம்தான் கணக்கு. திறந்த தேதியைப் பேனாவால் லேபிளிலேயே எழுதிவிடுங்கள். அப்புறம், முனை அடைத்து வரும் புதுப் புட்டியைச் சேஃப்டி பின்னைக் கொண்டு குத்தும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. மூடியின் உள்ளேயே கூர்முனை இருக்கும். மூடியை இறுக்கித் திருகினாலே துளை விழும். சேஃப்டி பின்னைக் கொண்டு குத்தினால் கிருமியும் உள்ளே போகும், துளை பெரிதாகிச் சொட்டும் பெரிதாகும். புட்டி முனை இமையில் படக்கூடாது. ஒருவர் மருந்தை வீட்டில் இன்னொருவருக்குப் போடவும் கூடாது.

பிரிசர்வேட்டிவ் இல்லாத சின்னக் குப்பிகள் ஒருமுறை பயன்பாட்டுக்கானவை. விலை கூடுதல்தான், மிச்சத்தை வீசும்போது மனசு கேட்காது. இருந்தாலும் நாளைக்கென்று எடுத்து வைக்காதீர்கள். ஃப்ரிட்ஜில் வைத்தாலும் கூடாது.