லெக்சர் காதுல ஏற ஆரம்பிச்சது இப்படித்தான்

ஐஈஎல்டிஎஸ்ங்கற இங்கிலீஷ் டெஸ்ட்ல, லிசனிங் பகுதிக்கு நல்ல பேண்ட் (ஸ்கோர்) வாங்கிட்டுத்தான் வெளிநாட்டுக்கு படிக்க வந்தேன், ஆனா க்ளாஸ்ல பசங்க பேசறது பாதிதான் காதுல ஏறுச்சு. வொக்காபுலரி பிரச்சனை இல்லைங்க. இங்கிலீஷ்ல முக்கியமான வார்த்தைக்குத்தான் அழுத்தம் விழும், நடுவுல வர்ற டு, ஆஃப், ஃபார் எல்லாத்தையும் முழுங்கிடுவாங்க, "வாட் ஆர் யூ கோயிங் டு டூ"ங்கறது "வாட்யா கனடூ"ன்னு ஓடிடும், நாம இன்னும் முதல் வார்த்தையிலயே நிப்போம்.

எனக்கு கை கொடுத்தது ஷேடோயிங். லெக்சர் ரெக்கார்டிங்ல ஒரு நிமிஷத் துண்டு எடுத்து, முதல்ல கேப்ஷன் இல்லாம கேட்டு, அப்புறம் கேப்ஷன் போட்டு எங்க விட்டேன்னு பாத்து, கடைசியா அதே வேகத்துல கூடவே வாய்விட்டு சொல்றது. ஸ்பீடை 0.75க்கு குறைக்கறது முதல் தடவைக்கு ஓகே, அதுலயே இருந்தா பழகவே பழகாது. (ரூம்மேட் கிண்டல் பண்ணுவான், பண்ணட்டும்.)

க்ரூப் டிஸ்கஷன் வேற தலைவலி. மத்தவங்க முடிக்கட்டும்னு மரியாதையா காத்திருந்தா டாபிக்கே மாறிடும். அதனால "ஜஸ்ட் டு ஆட் டு தட்"னு சொல்லி இடத்தை பிடிச்சுட்டு அப்புறம்தான் யோசிப்பேன். அப்பவும் புரியாதது இருந்தா ப்ரொஃபசரோட ஆஃபீஸ் ஹவர்ஸ் (நேர்ல போய் சந்தேகம் கேக்க அவர் ஒதுக்கற நேரம்), அங்க ஆள் கம்மி, திரும்ப சொல்லச் சொன்னா யாரும் தப்பா எடுத்துக்கறதில்ல. ஜோக்ஸ் மட்டும் இன்னும் முழுசா பிடிபடல.