கிருஷ்ணகிரிப் பக்கம் இருமொழி ஒலி ஆய்வு: நெறியாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

‘தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்டோர் தமிழ் உச்சரிப்பில் செய்யும் பிழைகள்’ என்ற தலைப்போடு ஒரு ஸ்காலர் வந்து நிற்கிறார். கைடு செய்யக்கூடிய முதல் தவறு, அந்தத் தாளில் அப்படியே கையெழுத்துப் போடுவது. அந்த ஒரு வரிக்குள்ளேயே மூன்று சிக்கல்கள் இருக்கின்றன. எந்தத் தெலுங்கு? தாய்மொழி என்றால் எது? யாரை அளவுகோலாக வைத்துப் ‘பிழை’ என்கிறோம்?

மூன்றாவதிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் ஆய்வேடுகள் அதிகமாகச் சறுக்குவது அங்கேதான். சூளகிரியில் வீட்டில் தெலுங்கு பேசும் இருபது பேரைப் பதிவு செய்து, ‘வாழைப்பழம்’ என்பதைப் பதினைந்து பேர் ‘வாளப்பளம்’ என்றார்கள், இது தெலுங்கின் தாக்கம் என்று எழுதிவிடுவார்கள். தெலுங்கில் இன்று ழகரம் இல்லை என்பதால் விளக்கமும் அழகாகப் பொருந்தும். ஆனால் அதே ஊரில், அதே வயதில், வீட்டில் தமிழ் மட்டுமே பேசும் இருபது பேரைக் கேட்டிருக்கிறார்களா? அவர்களிலும் பதினைந்து பேர் ‘வாளப்பளம்’ என்றால் அந்த இயலே விழுந்துவிடும். ழகரமும் ளகரமும் கலந்துபோனது தமிழ்நாட்டில் பல வட்டாரங்களில் உள்ள சங்கதி. அதற்குத் தெலுங்கு தேவையில்லை. நுனிநாக்கு அண்ணத்தை வருட ரகரமும் ழகரமும் பிறக்கும் என்கிற தொல்காப்பியப் பிறப்பியலை முன்னுரையில் காட்டுவது நல்லதுதான். ஆனால் அதை இன்றைய பேச்சுக்கு ஒப்பீட்டுக் குழுவாக வைக்க முடியாது. செய்தி வாசிப்பவரையும் வைக்கக் கூடாது. ஒப்பீட்டுக்கு வேண்டியது அதே தெரு, அதே வயது, ஏறக்குறைய அதே படிப்பு. தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் தமிழ் மட்டும் தெரிந்தவர் கிடைப்பதே அரிது என்றால், ‘தமிழ் மட்டும்’ என்ற குழுவைக் கைவிட்டு, தமிழை அதிகம் புழங்குபவர், குறைவாகப் புழங்குபவர் என்று அளவுபடுத்தி ஆய்வை மாற்றி அமைப்பதே நேர்மை.

இருமொழியாளர் என்பவர் ஓர் உடம்பில் இரண்டு ஒருமொழியாளர் அல்லர் என்று உளமொழியியலாளர் பிரான்சுவா குரோஜான் 1989இலேயே எழுதிவிட்டார். அதை மேற்கோளாகப் போட்டுவிட்டு அடுத்த பக்கத்திலேயே ‘பிழை’ அட்டவணை போடும் ஆய்வேடுகளுக்குக் குறைவில்லை.

‘தாய்மொழி’ என்று ஒரே கட்டம்

வினாத்தாளில் ‘தாய்மொழி: ______’ என்று ஒரு கட்டம் மட்டும் இருந்தால், இந்த மாவட்டத்தில் அது எதையுமே சொல்லாது. வீட்டில் தெலுங்கு, தோட்டத்து வேலையாட்களோடு கன்னடம், பள்ளியில் தமிழ், ஓசூர்க் கம்பெனியில் இந்தியும் ஆங்கிலமும் என்று ஒரே ஆள் நான்கையும் புழங்குவார். சாதிப் பெயரை வைத்து மொழியை முடிவு செய்வது இன்னொரு பழக்கம். தெலுங்கு பேசும் குடும்பம் என்று ஊரே சொல்லும் வீட்டில், பேரப்பிள்ளைகளுக்குப் புரியும், ஆனால் பேச வராது.

கேட்க வேண்டியவை இவை: எந்த மொழியை எந்த வயதில் கேட்கத் தொடங்கினார், எந்த வயதில் பேசினார், அம்மாவிடம் எது, அப்பாவிடம் எது, கூடப்பிறந்தவர்களிடம் எது, ஒரு சராசரி நாளில் ஒவ்வொன்றும் எத்தனை மணி நேரம், எதில் எண்ணுகிறார், எதில் திட்டுகிறார். ஒருவரின் மொழி அனுபவத்தையும் திறனையும் கேட்டறியும், 2007இல் வெளிவந்த லீப்-க்யூ வினாத்தாள் இதற்கு நல்ல அடிப்படை. ஆனால் அது இரண்டு மூன்று மொழிகளைப் படித்தறிந்தவர்களை மனத்தில் வைத்துச் செய்தது. எழுத்தறியாத பாட்டியிடம் ‘வாசிப்புத் திறன் பத்துக்கு எத்தனை’ என்று கேட்டால் அவருக்குச் சங்கடம்தான் மிஞ்சும்.

பயிற்றுமொழியைத் தனியாகக் குறிக்க வேண்டும். இந்த மாவட்டத்தில் தெலுங்கு, கன்னட, உருது வழிப் பள்ளிகளும் உண்டு. பள்ளியில் தமிழைக் கட்டாயப் பாடமாக்கிய தமிழ் கற்றல் சட்டம் 2006இல் வந்து, 2006-07 கல்வியாண்டில் முதல் வகுப்பிலிருந்து படிப்படியாக மேலேறியது. அதனால் கன்னட வழியில் படித்த நாற்பது வயதுக்காரரையும் இருபது வயதுக்காரரையும் ஒரே குழுவில் போட்டால், பள்ளியில் தமிழ் கட்டாயமாக இருந்தவரும் இல்லாதவரும் கலந்துவிடுவார்கள். வயதால் வந்த வேறுபாடா, பள்ளியால் வந்ததா என்று பிறகு எந்தப் புள்ளியியலாலும் பிரிக்க முடியாது.

‘எந்தத் தெலுங்கு’ என்ற கேள்விக்கு ஒரு வரி போதும்: ஐதராபாத் இலக்கண நூலை வைத்து வேப்பனப்பள்ளித் தெலுங்கை அளக்காதீர்கள். கிருஷ்ணகிரி நகரத்து உருதுக்கும் இதே விதி.

தமிழ் எழுத்தில் சொற்பட்டியல்

தமிழ் எழுத்தில் சொற்பட்டியல் போட்டால் ஆய்வு தொடங்கும் முன்பே பாதி தகவல் மறைந்துவிடும். தெலுங்கில் பன்றியும் வண்டியும் வேறு வேறு முதலொலி கொண்டவை. ஒன்றில் குரல் நாண் அதிராது, மற்றொன்றில் அதிரும். தமிழில் எழுதினால் பந்தி, பண்டி. இரண்டுக்கும் ஒரே பகரம். பட்டியலைத் தட்டச்சு செய்த ஸ்காலரே மூன்று மாதம் கழித்து எந்தப் பகரத்தில் அதிர்வு உண்டு, எதில் இல்லை என்று தடுமாறுவார். முதல் நாளிலிருந்தே சர்வதேச ஒலியெழுத்தில் ஒரு பத்தி, அந்தந்த மொழியின் எழுத்தில் ஒரு பத்தி, பொருள் ஒரு பத்தி என்று அட்டவணை இருக்க வேண்டும்.

அடுத்து, மூன்று மொழிக்கும் ஒரே வகைச் சொற்களைத் தேடுவது. பால் தமிழில் பால், தெலுங்கில் பாலு, கன்னடத்தில் ஹாலு. பழைய சொல்முதல் பகரம் கன்னடத்தில் ஹகரமாகிவிட்டதால், இன்று கன்னடத்தில் பகரத்தில் தொடங்குபவை பெரும்பாலும் கடன்சொற்கள். ஆகவே பகரத்தை மட்டும் வைத்து மூன்று மொழியையும் ஒப்பிட்டால் ஒருபுறம் வீட்டுச்சொல், மறுபுறம் கடன்சொல் என்றாகும். தகரமும் ககரமும் அவ்வளவு தொல்லை தராது. பால்-பாலு போல ஒரே வேரிலிருந்து வந்த இனச்சொற்கள் ஒன்றையொன்று இழுக்கும் என்பதால், இனச்சொல் பாதி, இனமல்லாதது பாதி என்று பிரித்துக்கொள்வதும் நல்லது.

வாசிக்கக் கொடுப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. இங்கே தெலுங்கு பேசும் பலருக்குத் தெலுங்கு எழுத்து தெரியாது. தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தால் தமிழ் உச்சரிப்பு தானாக வந்துவிடும். படம் காட்டுங்கள், அல்லது பொருளைச் சுற்றி வளைத்துக் கேளுங்கள். நாமே சொல்லி ‘திருப்பிச் சொல்லுங்க’ என்றால் பதிவாவது நம் உச்சரிப்பின் நகல்.

சொல்லைச் சுற்றி வைக்கும் வாக்கியத்தைப் பெரும்பாலான கைடுகள் பார்ப்பதே இல்லை. ‘நான் ___ என்று சொன்னேன்’ என்பது வழக்கமான சட்டகம். தமிழில் மூக்கொலியை அடுத்த வல்லினம் அதிர்வொலியாகும். நாம் அளக்கப்போவது அதே அதிர்வைத்தான்! அளவுகோலிலேயே மண்ணைப் பூசிவிட்டு அளப்பதற்குச் சமம். சொல்லை வாக்கிய முதலில் வையுங்கள்: ‘___னு சொன்னான்’. சொல்வதற்கு முன் ஒரு விநாடி அமைதி வேண்டும். வல்லினத்தின் அடைப்பு நேரமும் (வெடிக்கும் முன் வாயில் காற்று அடைபட்டிருக்கும் நேரம்) வேண்டுமென்றால் இந்தச் சட்டகம் போதாது. அமைதிக்குள் அடைப்பு எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. அதற்கு உயிரொலிக்குப் பின் வரும் இன்னொரு சட்டகம் வேண்டும்.

பதிவு

வாட்ஸ்அப் குரல் செய்தியைத் தரவாக ஏற்காதீர்கள். அது ஒலியைச் சுருக்கி அனுப்புகிறது. 44,100 ஹெர்ட்ஸ், 16 பிட், வேவ் கோப்பு. இதற்குக் கீழே வேண்டாம். செல்போன் பதிவுச் செயலிகளில் இரைச்சல் நீக்கும் வசதி இயங்கிக்கொண்டிருந்தால் அது தாழ்ந்த அதிர்வெண்களை இரைச்சல் என்று நினைத்து வெட்டும். வல்லினம் வெடிக்கும் முன் கேட்கும் மெல்லிய குரலதிர்வு அந்தத் தாழ்ந்த பகுதியில்தான் இருக்கிறது. அதை வெட்டிவிட்டால் ‘பண்டி’யின் முதலொலியும் ‘பந்தி’யின் முதலொலி போலத் தெரியும். ஸ்காலர் தெலுங்கிலேயே அதிர்வு குறைந்துவருகிறது என்று ஒரு கண்டுபிடிப்பை எழுதி வருவார்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் முனகலோடு வரும் அதன் இரட்டிப்பான 100 ஹெர்ட்ஸ், ஆண்குரலின் அடிப்படை அதிர்வெண்ணுக்கு மிக அருகில் இருப்பது. லேப்டாப்பைச் சார்ஜரில் போட்டபடியே பதிவு செய்தால் இல்லாத இடத்தில் அதிர்வு தெரியும். பேட்டரியில் பதிவு செய்யுங்கள். ஃபேன், ஃபிரிட்ஜ் இரண்டையும் அணைக்கச் சொல்லுங்கள் (ஃபிரிட்ஜை மறுபடி போட மறக்க வேண்டாம்). மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், நேரெதிரே இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் இருக்கட்டும். பகரத்தின் காற்று நேராக மோதக் கூடாது. கான்கிரீட் வீட்டுக் கூடத்தைவிட மெத்தையும் துணிமணியும் நிறைந்த சின்ன அறை மேல். கிரானைட் பட்டறைக்குப் பக்கத்துத் தெருவையும் மோட்டார் ஓடும் நேரத்தையும் தவிர்ப்பது சொல்லாமலே புரியும். மாம்பழப் பருவத்தில் களப்பணி வைக்காதீர்கள். மண்டிக்கும் கூழ் ஆலைக்கும் போகும் ஜனங்கள் அரை மணி நேரம் உட்காரமாட்டார்கள்.

வரவேற்று, டீ குடித்து, ஒப்புதல் வாங்கியது எல்லாம் தமிழில். உடனே ‘இப்போ தெலுங்குல சொல்லுங்க’ என்றால் வருவது தமிழ் இன்னும் விழித்திருக்கும் தெலுங்கு. இரண்டு மொழியையும் வேறு வேறு நாளில், முடிந்தால் வேறு வேறு ஆளை வைத்துப் பதிவு செய்ய வேண்டும். பாதிப் பேருக்குத் தமிழ் முதலில், மீதிப் பேருக்குத் தெலுங்கு முதலில் என்றும் மாற்ற வேண்டும்.

அளப்பதில் நடப்பவை

ஒலியை அளக்கும் ப்ராட் மென்பொருளைத் திறந்து, இருக்கிற அமைப்பிலேயே எல்லோரையும் அளப்பது மிகச் சாதாரணமாக நடக்கிறது. ஃபார்மன்ட் என்பது வாய்க்குள் ஒத்ததிர்ந்து வலுப்பெறும் அதிர்வெண். அதைத் தேடும் உச்சவரம்பு பெண்குரலுக்கு 5,500 ஹெர்ட்ஸ், ஆண்குரலுக்கு 5,000 என்பது வழக்கம். 5,500இலேயே ஆண்களையும் அளந்தால் ஃபார்மன்ட் எண்கள் இடம் மாறிப் போகலாம். ழகரத்தை ஆராய்பவருக்கு இது உயிர்நாடி. ழகரத்தில் மூன்றாவது ஃபார்மன்ட் கீழிறங்கி இரண்டாவதை நெருங்கும். ளகரத்தில் அந்த நெருக்கம் இருக்காது. இரண்டும் ஒட்டிவரும் இடத்தில் மென்பொருள் ஒன்றைத் தவறவிட்டு நான்காவதை மூன்றாவது என்று எழுதிவிடும். எண்ணை மட்டும் பார்த்தால் தெரியாது, அலைநிறப் படத்தை (ஸ்பெக்ட்ரோகிராம்) கண்ணால் பார்க்க வேண்டும்.

குரல் தொடங்கும் நேரம், அதாவது வல்லினம் வெடிப்பதற்கும் குரல் நாண் அதிரத் தொடங்குவதற்கும் இடைப்பட்ட நேரம், இன்னொரு கண்ணி. அதிர்வுள்ள ஒலியில் குரல் வெடிப்புக்கு முன்பே தொடங்கும், மதிப்பு எதிர்மறை. அதிர்வற்றதில் சற்றே பின்னால், நேர்மறை. ஒருவர் பாதி முறை -80 மில்லி விநாடியும் பாதி முறை +15உம் சொன்னால், சராசரி -32 பக்கம் வரும். அந்த -32ஐ யாரும் ஒருமுறைகூட உச்சரிக்கவில்லை. சராசரி எடுக்கும் முன் புள்ளிகளை வரைந்து பார்க்கச் சொல்லுங்கள். இரு குவியல்கள் தெரிந்தால், எத்தனை விழுக்காடு முன்னதிர்வோடு வந்தது என்பதையும், வந்தவற்றில் எவ்வளவு நீளம் என்பதையும் தனித்தனியே எழுத வேண்டும்.

இருபது பேர், முப்பது சொல், மும்முறை என்றால் 1,800 பதிவுகள். அதை 1,800 தனித்தனி ஆட்கள் போல இரு சராசரிகளை ஒப்பிடும் டி-டெஸ்டில் போட்டால் எதுவும் புள்ளியியல்படி முக்கியமானதாக வந்து நிற்கும். உண்மையில் இருப்பது இருபது ஆட்களும் முப்பது சொற்களும்தான். ஆளுக்கு ஆள், சொல்லுக்குச் சொல் வரும் மாறுபாட்டைத் தற்செயல் விளைவுகளாகக் கணக்கில் எடுக்கும் கலப்பு மாதிரி (மிக்ஸ்டு மாடல்) வேண்டும். ‘ஆர்’ என்ற புள்ளியியல் மென்பொருளில் இது இலவசம். துறையில் யாருக்கும் தெரியாவிட்டால் புள்ளியியல் துறையிலிருந்து ஒருவரைத் திட்டம் போடும்போதே சேர்த்துக்கொள்ளுங்கள், தரவு கைக்கு வந்தபின் அல்ல.

கைடு தன் கையால் செய்ய வேண்டியது

மேலே சொன்ன எல்லாவற்றையும் முதல் மூன்று மாதத்திலேயே பிடித்துவிடலாம், தலைப்பைப் பதிவு செய்யும் முன் ஒரு வெள்ளோட்டம் விட்டால். மூன்றே பேர், பத்துச் சொல், இரு மொழி. பதிவு, வெட்டுதல், அளத்தல், வரைபடம், அரைப்பக்க விளக்கம் வரை முழுச் சங்கிலியும் ஒருமுறை ஓட வேண்டும். அந்தக் கோப்புகளை ஹெட்போன் போட்டுக் கைடு தானே கேட்க வேண்டும். ‘பதிவு நல்லா வந்திருக்கு சார்’ என்ற பேச்சு போதாது. பிறகு அளவுகளில் பத்தில் ஒரு பங்கை, ஸ்காலரின் எண்ணைப் பார்க்காமல், இன்னொருவர் மறுபடி அளக்க வேண்டும். இருவரும் பெரிதும் மாறுபட்டால் அளக்கும் விதியை எழுத்தில் திருத்திவிட்டுத்தான் அடுத்த ஊருக்குப் போக வேண்டும்.

வெள்ளோட்டம் நேரக் கணக்கையும் தரும். ஒரு பதிவை வெட்டி அளக்க இரண்டு நிமிடம் என்றால் 1,800க்கு 60 மணி நேரம், ஒரு மொழிக்கு மட்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிப்படி முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது மூன்றாண்டு, அதிகபட்சம் பொதுவாக ஆறாண்டு. முதல் ஒன்றரை ஆண்டை மொழியியல் வரலாறு எழுதுவதில் கழித்துவிட்டு, கடைசியில் களத்துக்கு ஓடும் ஸ்காலருக்கு இந்த 60 மணி நேரம் எங்கிருந்தும் கிடைக்காது. எம்.ஏ. ப்ராஜெக்ட் என்றால் ஒரே ஒலி, எட்டுப் பேர், ஒரு கேள்வி. அதற்கு மேல் அனுமதிக்காதீர்கள்.

ஸ்காலரே அந்த இருமொழிக்காரராக இருந்தால் களத்தில் அது பெரிய பலம். கேட்டு வகைப்படுத்தும் வேலையில் மட்டும் அது தொல்லை. தன் காதுக்கு ஒன்றாகக் கேட்கும் இரண்டு ஒலிகளை அவர் ஒன்றென்றே குறிப்பார். அங்கே இரண்டாவது காது ஒன்று வேண்டும், அது அந்த மொழி பேசாதவருடையதாக இருந்தாலும் சரி.

ஒப்புதல் படிவம் எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு வெறும் கைநாட்டாக முடியக் கூடாது. அவர் வீட்டில் பேசும் மொழியில் வாய்விட்டு விளக்கி, சம்மதத்தையும் ஒலியாகவே பதிவு செய்து, அதைத் தனிக் கோப்பாக வையுங்கள். கோப்புப் பெயரில் ஆளின் பெயர் வேண்டாம். ஊர்க் குறி, ஆள் எண், மொழி, சொல் எண், எத்தனையாவது முறை என்பது போதும். எண்ணுக்கு உரிய பெயர்ப் பட்டியல் வேறொரு இடத்தில், கைடிடம் பூட்டி இருக்கட்டும். ஒலிக்கோப்புகளின் இரண்டாவது பிரதி அன்று இரவே வேறொரு ஹார்ட் டிஸ்க்கில் ஏற வேண்டும். அந்த டிஸ்க் ஸ்காலரின் அதே பையில் பஸ் ஏறக் கூடாது.