டிரம்பெட் மவுத்பீஸ் எந்த உலோகத்தில் வாங்கலாம்?

போன வருடம் ஒரு கல்யாண ஊர்வலத்தில் மூன்று மணி நேரம் ஊதிவிட்டு வந்த மறுநாள், மேலுதட்டில் காம்பஸ் வைத்து வரைந்த மாதிரி ஒரு சிவப்பு வட்டம். வெயிலும் வேர்வையும் செய்த வேலை என்று தேங்காய் எண்ணெய் தடவினேன். ஆறியது, ஊதினேன், திரும்ப வந்தது. தோல் டாக்டர் வட்டத்தைப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "வாட்ச் கட்டினால் பின்பக்கம் அரிக்குமா?" அரிக்கும். பத்து வருடமாக நான் வாட்சே கட்டுவதில்லை. விஷயம் நிக்கல்: அந்த உலோகம் என் தோலுக்கு ஒத்துக்கொள்ளாது, டிரம்பெட்டில் உதட்டை வைத்து ஊதும் முனையான மவுத்பீஸில் அதுதான் பூசியிருந்தது.

ரிம் (உதடு படும் விளிம்பு) அளவு, கப் (அதன் உள்ளே உள்ள குழிவு) ஆழம் எல்லாம் இந்தப் பதிவில் கிடையாது. டிரம்பெட்டோடு வந்தது 7சி-யோ 11பி4-ஓ, அந்த அளவிலேயே இருங்கள். பொருளை மட்டும் பார்ப்போம்.

படி 1: உங்கள் தோலை விசாரியுங்கள்

கவரிங் தோடு போட்டால் காது புண்ணாகிறதா? ஜீன்ஸ் பட்டன் படும் இடத்தில் வயிறு அரிக்கிறதா? ஆமாம் என்றால் நிக்கல் முலாம் பூசிய மவுத்பீஸ் பக்கமே போகாதீர்கள். இல்லை என்றாலும் வேண்டாம் என்பேன். விலை குறைவு, துடைத்தால் பளபளக்கும், அவ்வளவுதான். வேர்த்தால் உதடு வழுக்கிக்கொண்டு ஓடும்.

படி 2: கையில் இருப்பது எது?

நான் கவிழ்ந்தது இங்கேதான். வெள்ளையாக மின்னினால் வெள்ளி என்று நம்பிவிட்டேன். கடைக்காரரும் "சில்வர் சார்" என்றார். பொய் சொல்லவில்லை பாவம், நிறத்தைச் சொன்னார்.

மவுத்பீஸ் பெரும்பாலும் உள்ளே பித்தளைதான், கடைசலில் கடைந்து எடுப்பது. மேலே பூசியது என்ன என்பதுதான் கேள்வி. கண்ணால் கண்டுபிடிக்கலாம் என்பார்கள், நிக்கலில் லேசான மஞ்சள் சாயை இருக்கும் என்று. எனக்கு ஒரு நாளும் தெரிந்ததில்லை. அதனால் முட்டை வைத்தியம். ஒரு முட்டையை நன்றாக வேகவைத்து, இரண்டாக வெட்டி, மூடி இறுக்கமான டப்பாவில் வையுங்கள். பக்கத்தில், முட்டை மேல் படாமல், மவுத்பீஸ். ராத்திரி முழுக்க இருக்கட்டும். முட்டையிலிருந்து வரும் கந்தக வாயு வெள்ளியைக் கறுக்க வைக்கும்.

நண்பனிடம் இரவல் வாங்கிய பிராண்டு மவுத்பீஸையும் என்னுடையதையும் ஒன்றாக வைத்தேன். காலையில் டப்பாவைத் திறந்தால் அவனுடையது டீ டிகாஷன் நிறத்தில் இருந்தது, அவன் முகமும் அப்புறம் அப்படித்தான் ஆனது. என்னுடையது கல்யாண மாப்பிள்ளை மாதிரி மின்னிக்கொண்டிருந்தது. மின்னியதுதான் போலி.

கறுக்காதது நிக்கலாகவும் இருக்கலாம், குரோமாகவும் இருக்கலாம். உறுதியாகத் தெரிய டைமெத்தில்கிளையாக்ஸைம் என்ற திரவம் வாங்குங்கள். பஞ்சுக் குச்சியில் இரண்டு சொட்டு விட்டு ரிம்மில் தேய்க்க வேண்டும். பஞ்சு இளஞ்சிவப்பானால் நிக்கல். பிறகு சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிவிட்டு ஊதுங்கள்.

படி 3: தேர்வு

முலாம் போன வெறும் பித்தளை வேண்டவே வேண்டாம். ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பு வைக்கக் கூடாது என்று வீட்டில் சொல்வார்களே, அதே காரணம். எச்சில் பட்டால் களிம்பு ஏறும். போதாததற்கு, கடைவதற்குச் சுலபமாக இருக்கட்டும் என்று இந்த வகைப் பித்தளையில் பெரும்பாலும் காரீயம் கலப்பார்கள், 3 சதவீதம் வரைகூட. (பாத்திரத்துக்குப் பூசுவது வெள்ளீயம். அது வேறு, இது வேறு.)

வெள்ளி முலாம்: புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு என் ஓட்டு இதற்குத்தான். உதடு நிற்கும், அரிப்பு அபூர்வம்.

தங்க முலாம்: வெள்ளியும் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு. நல்ல தயாரிப்பாளர்கள் வெள்ளி மேல்தான் தங்கம் பூசுவார்கள். ரிம்முக்கும் கப்புக்கும் மட்டும் பூசியதும் கிடைக்கும், அது போதும். எனக்குக் கொஞ்சம் வழுக்குகிறது.

எவர்சில்வர்: முலாமே இல்லை, உரிய எதுவும் கிடையாது. சூட்டைக் கடத்துவது பித்தளையில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்குதான் என்பதால், உதட்டில் வைத்ததும் சுரீர் என்று இருக்காது. விலைதான் சுடும்.

பிளாஸ்டிக்: பாலிகார்பனேட் என்று பார்த்து வாங்குங்கள். மே மாத ஊர்வலத்துக்கு இதை மிஞ்சியது இல்லை. தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர் பட்டால் மட்டும் விரிசல் விட்டுவிடும்.

சத்தம் மாறாதா? ஒரே அளவில் வெள்ளி முலாமும் பிளாஸ்டிக்கும் மாற்றி மாற்றி ஊதினேன். எனக்கு வித்தியாசம் தெரிந்தது. பத்தடி தள்ளி, திரும்பி உட்கார்ந்திருந்த மாஸ்டருக்குத் தெரியவில்லை. சத்தத்தை மாற்ற நினைத்தால் கப்பின் ஆழத்தை மாற்றுங்கள்.

படி 4: கழுவுதல்

வெள்ளி கறுத்ததும் அம்மா புளியும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்துக் கொடுத்தார். பளிச்சென்று ஆனது. ஆனால் ரிம் ஓரத்தில் மஞ்சள் எட்டிப் பார்த்தது: முலாம் போயே போச்சு. நார், சாம்பல், பித்தளை பாலிஷ் எதுவும் கூடாது. கிண்ணத்தில் அலுமினியத் தாள் விரித்து, ஒரு ஸ்பூன் ஆப்ப சோடா, கொதிக்கிற தண்ணீர். மவுத்பீஸ் தாளைத் தொட்டுக்கொண்டு இருக்க வேண்டும். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். கறுப்பு போய்விடும், வெள்ளி மிஞ்சும்.

பின்சேர்க்கை 1: எவர்சில்வரிலும் நிக்கல் உண்டே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். உண்டு, சாதாரண 304 ரகத்தில் 8 சதவீதத்துக்கு மேலேயே. மேலே படியும் குரோமியம் ஆக்சைடு படலம் அதை வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது, அதனால் பெரும்பாலோருக்குத் தொந்தரவு இல்லை. கடுமையான ஒவ்வாமை என்றால் பிளாஸ்டிக்கோ டைட்டானியமோ வாங்குங்கள்.

பின்சேர்க்கை 2: உரிந்த மவுத்பீஸைக் கவரிங் பட்டறையில் கொடுத்துத் தங்க முலாம் போட்ட ஒரு வாசகருக்கு நான்கே மாதத்தில் என்னுடைய அதே வட்டம் வந்திருக்கிறது. நகைக்குப் பூசும்போது தங்கத்துக்கு அடியில் நிக்கல் ஒரு பூச்சு கொடுப்பது வழக்கம். தங்கம் தேய்ந்ததும் அது வெளியே வந்துவிடும். கொடுப்பதற்கு முன்பே "அடியில் நிக்கல் வேண்டாம், வெள்ளி போடுங்கள்" என்று சொல்லிவிடுங்கள். முடியாது என்றால் வேறு பட்டறை பாருங்கள்.