"கனக்க" என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது

திருகோணமலைப் பேச்சில் "கனக்க" என்ற ஒரு சொல்லே எல்லாவற்றுக்கும் போதும். கனக்க மீன், கனக்கச் சனம், கனக்க வேலை, கனக்க நேரம். எண்ணக்கூடியதா இல்லையா என்று அது பார்ப்பதில்லை. யாரோடு பேசுகிறோம் என்றும் பார்ப்பதில்லை. ஆங்கிலம் இரண்டையும் பார்க்கும். நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் விடுதி நடத்துகிறவர்கள் பயணிகளுக்கு அனுப்பும் வட்ஸ்அப் செய்தியிலும், உயர்தரம் முடித்தவர்கள் எழுதும் வேலை விண்ணப்பத்திலும் பிழை அடிக்கடி வருவது இந்த இடத்தில்தான்.

"எ லொட் ஒஃப்", "லொட்ஸ் ஒஃப்" இரண்டுக்கும் பொருள் ஒன்றே. எண்ணக்கூடியதற்கும் பொருந்தும், எண்ண முடியாததற்கும் பொருந்தும். நமது "கனக்க"வுக்கு மிக நெருக்கமானவை இவை. ஆனால் எழுதும்போது மூன்று விதமாகச் சறுக்கும். முன்னால் உள்ள "எ"யை விட்டுவிட்டு "லொட் ஒஃப் பீப்பிள்" என்று தொடங்குவது ஒன்று. "எ"யையும் "ஸ்"ஐயும் சேர்த்து "எ லொட்ஸ் ஒஃப்" என்பது இரண்டாவது. "எ"க்கும் "லொட்"டுக்கும் இடையில் வெளி விடாமல் ஒரே சொல்லாக எழுதுவது மூன்றாவது. அப்படி ஒட்டி எழுதினால் எழுத்துப்பிழை. அதைத் திருத்தப் போய் இன்னோர் "எல்" சேர்த்தால் "பங்கிட்டுக் கொடு" என்ற வேறு வினைச்சொல் ஆகிவிடும்.

அடுத்து வரும் பெயர்ச்சொல்லைக் கவனியுங்கள். "நிறையப் புத்தகம் இருக்கு" என்று தமிழில் ஒருமையில் சொன்னால் யாரும் குறை சொல்வதில்லை. அந்தப் பழக்கத்தில் "லொட்ஸ் ஒஃப் புக்" என்று எழுதிவிடுகிறோம். "புக்ஸ்" என்று பன்மை வேண்டும். இதற்கு நேர்மாறாக இன்ஃபர்மேஷன், லக்கேஜ், ஃபர்னிச்சர், எக்குவிப்மென்ட் போன்றவை எவ்வளவு குவிந்தாலும் "ஸ்" ஏற்காது. வினையும் இந்தப் பெயர்ச்சொல்லின் பின்னால்தான் போகும்: "எ லொட் ஒஃப் வோட்டர் இஸ்", "எ லொட் ஒஃப் போட்ஸ் ஆர்". "எ" இருக்கிறதே என்று ஒருமை வினை போட்டால் பிழை.

"பிளென்டி ஒஃப்" கொஞ்சம் வேறு. அதன் முன்னால் "எ" வராது. தேவைக்குப் போதும், அதற்கு மேலும் மிஞ்சும் என்பது அதன் பொருள். நமது "தாராளமாக" போல. "பிளென்டி ஒஃப் பார்க்கிங்" என்று படிக்கிற பயணி, எந்த நேரம் வந்தாலும் வாகனம் விட இடமுண்டு என்று நம்பி வருவார். அதனால் கொடுக்க முடிந்ததற்கு மட்டும் இந்தச் சொல்லைப் பயன்படுத்துங்கள். பிரெட்ரிக் கோட்டைக்குள் மான்கள் திரிகின்றன. அங்கே "பிளென்டி ஒஃப் டியர்" எழுதலாம். திமிங்கிலம் பார்க்கும் படகுச் சவாரிக்கு "பிளென்டி ஒஃப் வேல்ஸ்" எழுதக்கூடாது. கடலில் எது எப்போது மேலே வரும் என்பது படகோட்டியின் கையில் இல்லை. ஒன்றும் காணாமல் திரும்புகிறவர் அந்த வரியைக் காட்டிப் பணத்தைத் திருப்பிக் கேட்பார். "எ குட் சான்ஸ் ஒஃப் சீயிங் வேல்ஸ்" என்று எழுதினால் உண்மையும் கெடாது, ஆசையும் குறையாது.

இனி முழுக்க முழுக்கப் பேச்சுவழக்கானவை. "லோட்ஸ் ஒஃப்" பிரித்தானியரிடம் அதிகம் புழங்குவது. நெடில் "லோ" என்பதையும் ஆங்கில "டி" (d) எழுத்தில் வருவதையும் மறந்தால் "லொட்ஸ்" உடன் குழம்பும். "ஹீப்ஸ் ஒஃப்" அவுஸ்திரேலியர், நியூசிலாந்துக்காரர் வாயில் நிறைய வரும். "எ பன்ச் ஒஃப்" அமெரிக்கப் பேச்சு. எண்ணக்கூடியவற்றோடுதான் நன்றாகச் சேரும். நண்பருக்கும், செல்லமாகப் பேசிப் பழகிய விருந்தினருக்கும் இவை பொருந்தும். விண்ணப்பம், முறைப்பாடு, வங்கிக் கடிதம், பரீட்சைக் கட்டுரை எதிலும் வேண்டாம். "ஷெட்லோட்" என்று எங்காவது கண்டால் எடுத்து ஆளாதீர்கள். ஒரு கெட்ட வார்த்தையை ஒத்த ஒலியில் அமைந்த சொல் அது.

"டன்ஸ் ஒஃப்" என்பதும் பேச்சில் "கனக்க"தான். ஆனால் நமது ஊரில் அதற்குத் தனி எச்சரிக்கை தேவை. கொட்பே மீன்பிடித் துறைமுகத்தோடு தொழில் செய்கிறவர் ஏற்றுமதியாளருக்கு "டன்ஸ் ஒஃப் ஃபிஷ்" என்று எழுதினால், மறுபக்கம் அதை எடையாகவே எடுத்துக்கொள்ளும். அந்த எடையும் ஒன்றல்ல: மெட்ரிக் தொன் 1,000 கிலோ, அமெரிக்க டன் சுமார் 907 கிலோ, பழைய பிரித்தானிய டன் சுமார் 1,016 கிலோ. வியாபாரக் கடிதத்தில் கிலோவில் எழுதுங்கள்.

முறையான எழுத்தில் இவற்றுக்குப் பதில் என்ன? எண்ணக்கூடியதற்கு "மெனி", "நியூமரஸ்", "எ லார்ஜ் நம்பர் ஒஃப்". கடைசியானதற்குப் பன்மை வினை; "தி நம்பர் ஒஃப்" என்று மாறினால் ஒருமை வினை. எண்ண முடியாததற்கு "எ கிரேட் டீல் ஒஃப்", "எ லார்ஜ் அமவுன்ட் ஒஃப்". "மச்" கேள்வியிலும் எதிர்மறையிலும் இயல்பாக நிற்கும். "வி ஹேவ் மச் ரெயின்" என்று நேர்வாக்கியத்தில் தனியே வந்தால் விறைத்துப் போகும்.

இவை எல்லாவற்றையும் விட நல்லது எண். கன்னியாவில் "லொட்ஸ் ஒஃப் ஹொட் வெல்ஸ்" என்று எழுத வேண்டியதே இல்லை. ஏழு கிணறுகள் என்பது ஊரறிந்தது. விண்ணப்பத்தில் "லோட்ஸ் ஒஃப் எக்ஸ்பீரியன்ஸ்" என்பதைவிட, வரவேற்பு மேசையில் நான்கு ஆண்டுகள் என்று எழுதுவது பல மடங்கு பலம். ஆட்களின் தொகையை "லாக்ஸ் ஒஃப்" என்று எழுதாதீர்கள். இலட்சம் என்ற கணக்கு தெற்காசியாவுக்கு வெளியே பலருக்குப் புரியாது. 100,000 என்று இலக்கத்தில் போடுங்கள்.

தமிழிலிருந்து நேரே கொண்டுபோவதால் கவிழ்பவை சில உண்டு. "கை நிறைய" என்பதை நினைத்து "ஹேன்ட்ஃபுல் ஒஃப்" எழுதினால் பொருள் தலைகீழாகிவிடும். அது கொஞ்சம் என்பதற்கான சொல். "குவைட் எ ஃபியூ" பார்வைக்குக் கொஞ்சம் போலத் தோன்றினாலும் பொருள் நிறைய என்பதே. பாராட்டுக்கு "டூ மச்" போடாதீர்கள். "டூ மச் ஃபுட்" என்றால் சாப்பாடு அளவுக்கு மிஞ்சிவிட்டது என்ற குறை. "தேங்க்ஸ் எ பன்ச்" பெரும்பாலும் குத்தலாகவே கேட்கும். விருந்தினருக்கு "தேங்க் யூ சோ மச்" போதும்.

ஒரு செய்தியில் இப்படிப்பட்ட சொல் ஒன்றுக்கு மேல் வந்தால் சந்தையில் கூவுவது போலாகிவிடும். "லொட்ஸ் ஒஃப் ரூம்ஸ், டன்ஸ் ஒஃப் ஃபுட், லோட்ஸ் ஒஃப் பிளேசஸ்" என்று ஒரு விடுதி எழுதுகிறது என்று வைத்துக்கொள்வோம். அறைகளுக்கு எண் போடலாம். சாப்பாட்டுக்குப் பெயர் சொல்லலாம்: இடியப்பம், சொதி, மீன்குழம்பு. மிஞ்சுவது ஊர் மட்டும். அங்கே "பிளென்டி டு சீ" என்று எழுதி, பின்னால் வினை வருவதால் "ஒஃப்" போடாமல், புறாமலை, கோணேசர் கோயில், கன்னியா என்று பெயர்களை அடுக்கிவிடுங்கள்.