ஷஃபிள்பாட்டம்னு ஒரு சர்நேமா? அரிதான இங்கிலீஷ் குடும்பப் பேரோட பூர்வீகத்தை தேடுறது எப்படி

கிரிக்கெட் பாக்குறவங்களுக்கு ரயான் சைட்பாட்டம் ஞாபகம் இருக்கும், சுருட்டை முடி, இடது கை வேகப்பந்து, ஸ்க்ரீன்ல பேரு வந்தாலே, பாட்டம்னா பின்பக்கம்னு நெனச்சு பாதி பேரு சிரிப்பாங்க. அதே வகையறாதான் ஷஃபிள்பாட்டம். நிஜமாவே இங்கிலாந்துல இருக்குற சர்நேம், இதை வெச்சே தேடுற வழியை சொல்றேன்.

முதல்ல, பேரை இன்னைக்கு இங்கிலீஷ்ல வெச்சு அர்த்தம் பண்றதை விட்ருங்க. பாட்டம்னா பழைய இங்கிலீஷ்ல பள்ளத்தாக்கோட அடிநிலம், அவ்ளோதான், இயன் போத்தமோட போத்தமும் இதே சொல்லுதான். ஷஃபிளுக்கும் சீட்டு கலைக்கிறதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. வடமேற்கு இங்கிலாந்துல இருக்குற லங்காஷயர்ல, பரிங்கிற ஊர் பக்கம் ஷிப்பர்பாட்டம்னு ஒரு இடம் இருந்துச்சு, அந்தப் பேரோட முன்பாதி செம்மறி ஆட்டுக்கான பழைய சொல்லுல இருந்து வந்தது, அங்கிருந்து கிளம்பினவங்களை ஊர்ப்பேரு சொல்லியே கூப்பிட்டு கூப்பிட்டு அது வாய்ல தேஞ்சு இப்படி ஆயிருச்சு. இங்கிலீஷ் சர்நேம் பெரும்பாலும் ஊரு, தொழில், அப்பா பேரு, பட்டப்பேரு இந்த நாலுல ஒண்ணுல இருந்துதான் வரும், அரிதான பேருன்னா நான் முதல்ல சந்தேகப்படுறது ஊரைத்தான்.

அடுத்தது, அந்தப் பேரு எந்த ஏரியால குவிஞ்சு கிடக்குன்னு பாக்கணும். ஃபேமிலிசர்ச் சைட்ல 1881 சென்சஸ் ஃப்ரீயா தேடலாம். ஸ்மித்னு தேடினா நாடு பூரா கொட்டும், ஒண்ணும் புரியாது, அரிதான பேருக்கு அந்தத் தொல்லை இல்ல, ஷஃபிள்பாட்டம் போட்டா லங்காஷயரும் பக்கத்து மாவட்டங்களுமா வந்து நிக்கும், பேரு பொறந்த இடத்தை விட்டு ரொம்ப தூரம் போகலன்னு அதுலயே தெரிஞ்சிரும்.

அப்புறம் படிப்படியா பின்னால போங்க. 1837 ஜூலைல இருந்து பிறப்பு, கல்யாணம், இறப்பு எல்லாம் அரசாங்கப் பதிவு, ஃப்ரீபிஎம்டிங்கிற இலவச சைட்ல அதோட இன்டெக்ஸ் கிடைக்கும். 1851 சென்சஸ்ல எந்த பாரிஷ்ல, அதாவது எந்த சர்ச்சோட எல்லைக்குள்ள பொறந்தாங்கன்னு இருக்கும், அதை விட்றாதீங்க. 1841ல அது கிடையாது, இதே கவுன்ட்டில (நம்ம மாவட்டம் மாதிரி) பொறந்தவரா இல்லையான்னு மட்டும்தான் இருக்கும், போதாக்குறைக்கு பதினஞ்சுக்கு மேல வயசை அஞ்சு அஞ்சா குறைச்சு எழுதச் சொல்லியிருந்தாங்க, அதனால 34 வயசு ஆளு 30னு நிப்பாரு, குழம்பாதீங்க.

1837க்கு முன்னாடின்னா சர்ச் ரிஜிஸ்டர்தான். 1538ல எட்டாம் ஹென்றி ராஜாவோட அமைச்சர் தாமஸ் க்ராம்வெல் உத்தரவு போட்டு ஆரம்பிச்சது, ஆனா எல்லா ஊர்லயும் அவ்ளோ பழசு மிஞ்சல. லங்காஷயருக்கு இந்த ரிஜிஸ்டர்களை ஆன்லைன்ல தேட ஆன்லைன் பாரிஷ் க்ளர்க்ஸ் ப்ராஜெக்ட்னு ஒரு சைட் இருக்கு, ஃப்ரீ. இங்கதான் நிறைய பேரு கோட்டை விடுவாங்க, ஸ்பெல்லிங்ல. 1754க்கு அப்புறம் உள்ள ஒரு கல்யாணப் பதிவை திறந்து கீழ பாருங்க, மாப்பிள்ளை பொண்ணு கையெழுத்து போட வேண்டிய இடத்துல பல பக்கத்துல ஒரு பெருக்கல் குறிதான் இருக்கும், எழுதத் தெரியாதவரு தன் பேரை சரியா எழுதியிருக்கான்னு எப்படி பாப்பாரு? பாதிரியார் காதுல விழுந்ததுதான் ஸ்பெல்லிங். அதனால ஷஃபிள்போத்தம், ஷூபாட்டம், ஷிப்பர்பாட்டம்னு எல்லாத்தையும் தேடுங்க, இல்லன்னா முதல் ரெண்டு எழுத்தும் கடைசி எழுத்துகளும் போட்டு நடுவுல ஒரு ஸ்டார் போட்ருங்க.

தேதியிலயும் ஒரு சிக்கல். 1752க்கு முன்னாடி அங்க சட்டப்படி வருஷம் பொறந்தது மார்ச் 25ல. ரிஜிஸ்டர்ல 1720 பிப்ரவரின்னு இருந்தா நம்ம கணக்குல அது 1721. ஏப்ரல் 1720ல கல்யாணம், பிப்ரவரி 1720ல குழந்தைன்னு பாத்துட்டு நானே ஒரு தடவை என்னென்னமோ கதை கட்டிட்டேன், பாவம் அந்த தம்பதி. லத்தீனும் வரும், குலியெல்மஸ்னா வில்லியம், யாக்கோபஸ்னா ஜேம்ஸ்.

உங்க சர்நேமோட குலச்சின்னம்னு கேடயம் போட்ட படம் விக்கிறாங்களே, காசு குடுக்காதீங்க. இங்கிலாந்துல சின்னம் ஒரு ஆளுக்கும் அவர் வாரிசுக்கும்தான், சர்நேமுக்குன்னு கிடையாது.

ரிஜிஸ்டர் தீர்ந்துபோனா அதுக்கும் பின்னால வரிக் கணக்குகள் இருக்கு, 1662ல ஆரம்பிச்ச அடுப்பு வரி, 1377, 1379, 1381 தலைவரி. இதுல கிடைக்கிற பழைய ஸ்பெல்லிங்ல ஊர்ப்பேரு கொஞ்சம் தெளிவா எட்டிப் பாக்கும். அதை எடுத்துக்கிட்டு ஸ்காட்லாந்து தேசிய நூலக சைட்டுக்கு போங்க, இங்கிலாந்தோட பழைய ஆர்ட்னன்ஸ் சர்வே மேப்பும் (அரசாங்க நில அளவை மேப்) அங்க இருக்கு, ஒரு மைலை ஆறு இஞ்ச்ல வரைஞ்ச மேப்புல ஒத்தைப் பண்ணை வீட்டுக்குக்கூட பேரு போட்டிருப்பான். அந்த பாரிஷை ஜூம் பண்ணி, ஓடையை ஒட்டின தாழ்வான பக்கமா தேடுங்க, பேருலயே பள்ளத்தாக்குன்னு இருக்கே.