ஃபோகஸைப் பின்னால் மாற்றியாச்சு, வெளிச்சத்தை எந்த பட்டன் பூட்டும்?

போன முகூர்த்தத்தில் என்னுடன் வந்த தம்பி ஒருவர் கேமராவை நீட்டி, "அண்ணே, ஃபோகஸ் எல்லாம் ஷார்ப்பா இருக்கு, ஆனா ஒவ்வொரு படத்துலயும் வெளிச்சம் மாறி மாறி வருதே" என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் காரணம் புரிந்துவிட்டது. ஃபோகஸ் வேலையை ஷட்டர் பட்டனிலிருந்து கேமராவின் பின்பக்க பட்டனுக்கு மாற்றியிருந்தார், வெளிச்சத்தைப் பூட்டுவதை மறந்துவிட்டார். சில வருஷம் முன்பு நானும் அதே தவறைச் செய்திருக்கிறேன். லென்ஸ் மூடியைக் கழற்ற மறப்பது, கார்டு மறப்பது எல்லாம் இங்கே வேண்டாம், அவை தானாகவே சரியாகிவிடும்.

இருந்த ஒரே பூட்டையும் ஃபோகஸுக்குக் கொடுத்துவிடுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். கேனான் 200டி போன்ற ஆரம்பநிலை கேமராக்களில் பின்பக்கம் ஆட்டோ ஃபோகஸுக்கென்று தனியாக ஏஎஃப்-ஆன் பட்டன் கிடையாது. கேமரா அளந்த வெளிச்சத்தை மாறாமல் பூட்டும் (ஏஇ லாக்) நட்சத்திரக் குறி பட்டனைத்தான் ஃபோகஸுக்கு மாற்ற வேண்டும். அதற்கு மெனுவில் இரண்டு வழி இருக்கிறது. 'ஏஇ லாக்/ஏஎஃப்' என்பதைத் தேர்ந்தெடுத்தால், ஷட்டரைப் பாதி அழுத்தும்போது வெளிச்சம் பூட்டிக்கொள்ளும். 'ஏஇ/ஏஎஃப், நோ ஏஇ லாக்' என்பதில் பூட்டே கிடையாது, படம் விழும் அந்தக் கணத்தில் கேமரா என்ன அளக்கிறதோ அதுதான். இரண்டிலும் பின்பட்டன் ஃபோகஸ் வேலை செய்வதால், எதைத் தேர்ந்தோம் என்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

நானும் பார்க்கவில்லை. திருப்பரங்குன்றம் கோயிலில் ஒரு கல்யாணம், கல்மண்டபத்துக்குள் அரையிருட்டு, தூண்களுக்கு அந்தப் பக்கம் பளீரென்று தெரு வெயில். ஷட்டர் வேகத்தைக் கேமராவே தேர்ந்தெடுக்கும் அப்பர்ச்சர் பிரையாரிட்டியில் எஃப்/2.8, பெண்ணின் முகத்தில் ஃபோகஸ் செய்தபோது ஷட்டர் 1/200 காட்டியது, அப்புறம் அவரை ஃப்ரேமின் இடது ஓரத்துக்குக் கொண்டுபோக கேமராவைக் கொஞ்சம் திருப்பினேன், வெயில் உள்ளே வந்தது, ஷட்டர் 1/800க்கு ஓடிவிட்டது. இரண்டு ஸ்டாப், அதாவது முகத்துக்குக் கிடைக்க வேண்டிய வெளிச்சத்தில் கால் பங்குதான். பிறகு வெளிச்சம் கூட்ட அதிகம் இடம் தராத ஜேபெக்கில் எடுத்திருந்தேன். கணினியில் வெளிச்சத்தை ஏற்றிப் பார்த்தால் அரக்குப் பட்டின் மடிப்பெல்லாம் புள்ளி புள்ளியாக உடைந்தது. "முகமே தெரியலையே தம்பி" என்றார் பெண்ணின் அம்மா. தாலி கட்டுவதை இன்னொரு முறை எடுக்க முடியுமா?

முன்பு இது ஏன் நடக்கவில்லை? ஒருமுறை பிடித்ததும் நின்றுவிடும் ஒன் ஷாட் ஃபோகஸும், ஃப்ரேம் முழுவதையும் அளக்கும் எவால்யுவேட்டிவ் மீட்டரிங்கும் இருந்தால், பாதி அழுத்தத்தில் ஃபோகஸ் கிடைத்ததுமே வெளிச்சமும் சேர்ந்து பூட்டிக்கொள்ளும். கேட்காமலே கிடைத்த உதவி அது. ஃபோகஸைப் பின்னால் கொண்டுபோய் இரண்டாவது வழியில் வைத்ததும் அந்த உதவி சத்தமில்லாமல் போய்விடுகிறது.

ஆகவே அசையாத ஆளை எடுக்கும்போது முதல் வழி, 'ஏஇ லாக்/ஏஎஃப்'. முகத்தில் பின்பட்டனால் ஃபோகஸ், அங்கேயே ஷட்டரைப் பாதி அழுத்திப் பிடித்து, பிறகு ஃப்ரேமை நகர்த்துங்கள். நிழலும் வெயிலுமாக மாறி மாறிப் பறக்கும் பறவைக்கு இரண்டாவது வழிதான் சரி.

நிக்கான் டி7200 வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான். ஏஇ-எல்/ஏஎஃப்-எல் பட்டனை ஏஎஃப்-ஆன் ஆக மாற்றியவுடன், ஷட்டர் பட்டனுக்கான ஏஇ-எல் அமைப்பையும் ஆன் செய்துவிடுங்கள்.

பூட்டிவிட்டு மறப்பது

நிக்கானில் 'ஹோல்ட்' வகைப் பூட்டு, மறுபடி அழுத்தும்வரையோ மீட்டர் தூங்கும்வரையோ விடாது. வ்யூஃபைண்டரில் ஏஇ-எல் எழுத்து தெரிகிறதா என்று பாருங்கள்.

எந்த இடத்தை அளக்கிறது என்று பார்க்காமல் பூட்டுவது

கேனானில் எவால்யுவேட்டிவ் என்றால் நீங்கள் தேர்ந்த ஃபோகஸ் புள்ளியை வைத்துப் பூட்டும். சிறு இடத்தை மட்டும் அளக்கும் ஸ்பாட்டுக்கு மாற்றினால் நடுப்புள்ளிதான். ஓரப்புள்ளியில் முகத்தை வைத்துக்கொண்டு ஸ்பாட்டில் பூட்டினால் பின்னால் இருக்கும் தூணைத்தான் அளந்திருப்பீர்கள்.

மேனுவலில் பூட்டைத் தேடுவது

அப்பர்ச்சர், ஷட்டரோடு ஐஎஸ்ஓவையும் (சென்சாரின் ஒளி உணர்திறன்) நீங்களே வைத்திருந்தால் பூட்ட எதுவும் இல்லை. ஆட்டோ ஐஎஸ்ஓ என்றால் மட்டும் பூட்டுங்கள், ஐஎஸ்ஓ நகராமல் நிற்கும்.