பிலிப் பழத்திலிருந்து பருப்பெடுக்கும் முறை

பிலிப்பைன்ஸ் நாட்டின் லூசோன் தீவில், அல்பாய், சோர்சோகோன் முதலிய மாகாணங்கள் அடங்கிய பிக்கோல் பகுதியே பிலி மரத்தின் தாயகமாகும். 20 மீட்டருக்கும் மேல் வளரும் இம்மரம், அடிக்கடி சூறாவளி தாக்கும் அப்பகுதியிலும் எளிதில் சாய்வதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் கருங்குங்கிலியம் தரும் மரத்தைப் பார்த்தவர்கள் இதன் உறவை உணரலாம்; இரண்டும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. பிலியின் சிறப்பு அதன் பருப்பில் இருக்கிறது. அதை உடையாமல் வெளியே எடுப்பதற்குப் பொறுமையும் கைப்பழக்கமும் தேவை.

பழம் பச்சை நிறத்திலிருந்து கறுப்பாக மாறிய பிறகே பறிக்க வேண்டும். சதையையும் உண்ண விரும்பினால், பழங்களைச் சூடான நீரில் இட்டு, விரலால் அழுத்தும்போது இளகும் வரை வைத்திருக்க வேண்டும். நீர் கொதிக்கக் கூடாது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கொதிநீரில் இட்ட பழத்தின் சதை மென்மையாவதற்கு மாறாக இறுகிவிடும். இளகியபின் கறுப்புத் தோலை உரித்து, நார் கலந்த சதையை உப்புடனோ, மீனை உப்பிட்டு ஊறவைத்து எடுக்கும் சாற்றுடனோ உண்கிறார்கள். பருப்பு மட்டும் போதுமென்றால், பழங்களைச் சாதாரண நீரில் ஓரிரு நாள் ஊறவைத்துச் சதையைக் கழற்றலாம்.

கொட்டையைத் தேய்த்துக் கழுவி, சில நாள்கள் வெயிலில் நன்றாகக் காயவைக்க வேண்டும். ஈரம் தங்கிய கொட்டையில் பருப்பு ஓட்டோடு ஒட்டிக்கிடக்கும், அடிக்கும்போது நசுங்கும். உடனே உடைக்கத் தேவையில்லாதவர்கள் காய்ந்த கொட்டையை ஓட்டுடனேயே வைத்திருப்பது நல்லது. பருப்பின் எடையில் பெரும்பகுதி கொழுப்பு என்பதால், ஓட்டை நீக்கிய பிறகு அது விரைவில் சிக்குவாடை பிடித்துவிடும்.

உடைப்பதுதான் இந்த வேலையின் உயிர்நாடி. கொட்டை முனை கூர்மையாகவும், குறுக்கே பார்த்தால் முக்கோணமாகவும், ஓடு மிகக் கடினமாகவும் இருக்கும். முந்திரியையோ பாதாமையோ உடைத்த அனுபவம் இங்கே அதிகம் உதவாது. பிக்கோல் மக்கள் கனமான வெட்டுக்கத்தியால், மரக்கட்டையின் மேல் வைத்த கொட்டையின் நடுவில் குறுக்காக ஓங்கி ஒரே அடியாக அடிக்கிறார்கள். ஓடு குறுக்கே பிளந்தால் பருப்பை முழுதாக வெளியே எடுக்க முடியும். பல முறை தட்டினால் பருப்பும் ஓட்டோடு சிதறும். புதிதாகப் பழகுகிறவர்கள் கொட்டையை விரலால் பிடிக்காமல், இடுக்கியால் பிடித்தோ, கட்டையில் சிறு பள்ளம் செதுக்கி அதில் பதித்தோ அடிப்பதே பாதுகாப்பு. கண்ணாடி அணிவதும் அவசியம், ஏனெனில் ஓட்டுத் துண்டுகள் வேகமாகத் தெறிக்கும். உடைந்த ஓட்டை எறிய வேண்டாம். அது நல்ல எரிபொருள்.

வெளிவந்த பருப்பின் மேல் மெல்லிய பழுப்புத் தோல் இருக்கும். வெந்நீரில் சிறிது நேரம் ஊறவைத்து விரல்களுக்கிடையே அழுத்தினால், அது கழன்று வெண்ணிறப் பருப்பு வெளிப்படும். ஈரத்தைத் துடைத்து உலர்த்தி, அடிகனமான சட்டியில் சிறுதீயில் பொன்னிறமாக வறுக்க வேண்டும். தீ கூடினால் நொடியில் கருகிவிடும். உப்பு சேர்த்தோ, சர்க்கரைப் பாகில் புரட்டியோ உண்ணலாம். மரக்கொட்டைகளால் ஒவ்வாமை உள்ளவர்கள் இதைத் தவிர்க்க வேண்டும்.

நடுவதற்கு எண்ணமிருந்தால், புதிய கொட்டைகளில் சிலவற்றை உடைக்காமல் தனியே எடுத்து வைத்து, சில வாரங்களுக்குள் ஊன்றிவிட வேண்டும். நாள்பட்டால் முளைக்கும் திறன் போய்விடும். பிலியில் ஆண் மரமும் பெண் மரமும் வேறுவேறு என்பதால், விதைக் கன்றுகளில் எது காய்க்கும் என்பதை மரம் பூக்கும் வரை அறிய முடியாது. அதற்குச் சில ஆண்டுகள் ஆகும். ஆகவே சிறு தோட்டம் உடையவர்கள், நன்கு காய்க்கும் பெண் மரத்திலிருந்து ஒட்டுக்கட்டிய கன்றுகளை நட்டு, மகரந்தத்திற்காக அருகில் ஓர் ஆண் மரத்தையும் வளர்க்க வேண்டும்.